அந்தரங்கமா, தனியுரிமையா? இணையக் காலத் தகவல் காப்பும் தமிழ்ச் சொல்லாட்சியும்

முன்னுரை

கர்நாடக உயர்நீதிமன்றத்தில் 1977 முதல் 1986 வரை நீதிபதியாகப் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் பெங்களூருவில் வாழ்ந்துவந்தவர் கே.எஸ். புட்டசாமி. அவர் தம் எண்பத்தாறாம் அகவையில், 2012ஆம் ஆண்டு, ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கினின்று கிளைத்த அடிப்படை வினா ஒன்றை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆராய்ந்து, 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமித்த விடை கூறியது. ஆங்கிலத்தில் 'பிரைவசி' எனப்படுவது அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமைகளுள் அடங்கும் என்பதே அவ்விடை. 1954ஆம் ஆண்டிலும் 1962ஆம் ஆண்டிலும் வேறு அமர்வுகள் கூறியிருந்த மாறான கருத்துகள் இதனால் நீங்கின.

தீர்ப்பு ஆங்கிலத்தில் அமைந்தது. அதனைத் தமிழில் எடுத்துரைக்க முற்பட்டோர் முதல் சொல்லிலேயே தயங்க நேர்ந்தது. அந்தரங்க உரிமை, தனியுரிமை, தனிமனித இரகசியம், தனிமறைவு எனப் பல வழக்குகள் ஒருங்கே எழுந்தன. இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் எனக் கொண்டு அமைதி அடைவதற்கில்லை. ஒவ்வொன்றும் கேட்போர் உள்ளத்தில் வெவ்வேறு பொருளை எழுப்புகின்றது. எதை இழக்கிறோம் என்னும் எண்ணமே சொல்லுக்கேற்ப மாறுகின்றது. இம்மாற்றத்தை ஆராய்வதும், இன்றைய சட்டத்தின் வழி அது எத்தகைய விளைவை உண்டாக்கும் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்டை மொழிகள் காட்டும் வழி

இவ்வொரு கருத்தை இந்திய மொழிகள் எவ்வாறு பெயரிட்டுள்ளன என்று நோக்கின், பெரும்பாலும் இரு நெறிகள் புலப்படுகின்றன. ஒன்று, 'தனக்கு உரியது' என்னும் நெறி. இந்தியின் 'நிஜதா', மலையாளத்தின் 'ஸ்வகார்யத' ஆகியன இத்தகையன. கன்னடத்தின் 'காசகிதன' என்பதும், அரபு, பாரசீக வழி வந்த அடியைக் கொண்டதாயினும், இந்நெறியே சார்ந்தது. மற்றொன்று, 'மறைக்கத்தக்கது' என்னும் நெறி. இந்தியின் 'கோப்னீயதா', தெலுங்கின் 'கோப்யத', கன்னடத்தின் 'கௌப்யதெ' ஆகியன 'குப்' என்னும் வடமொழி வேரினின்று பிறந்தவை. அவ்வேருக்குக் காத்தல் என்பதே முதற்பொருள். மறைத்தல் என்பது பின்னர் வளர்ந்தது என்பது சுவையான செய்தி.

இந்தியும் கன்னடமும் இரு நெறிச் சொற்களையும் வைத்துக்கொண்டு, உரிமையைப் பேசும்போது முதலாவதையும், நிறுவனங்களின் காப்புக் கொள்கைகளைப் பேசும்போது பெரும்பாலும் இரண்டாவதையும் ஆளுகின்றன. பெங்களூருவில் ஒரே செய்தியைக் கன்னடத்திலும் தமிழிலும் கேட்கும் ஒருவர், கன்னடத்தில் 'தன்னுடையது' பற்றியும் தமிழில் 'ஒளிவு' பற்றியும் கேட்பதாக உணர்வது உண்டு. இவ்வேறுபாடு தமிழில் எவ்வாறு நேர்ந்தது என்பதை அடுத்துக் காண்போம்.

'அந்தரங்கம்' என்னும் சொல்

அந்தரங்கம் என்பது உள்உறுப்பு, உட்கூறு என்னும் பொருளுடைய வடசொல். வடமொழி இலக்கணத்தார் இதனை விதிகளின் வலிமை குறித்த கலைச்சொல்லாகவே ஆண்டனர். சொல்லின் உட்பகுதியைச் சார்ந்து நிகழும் விதி அந்தரங்கம். வெளிப்பகுதியைச் சார்ந்தது பகிரங்கம். இவற்றுள் முன்னது வலிமை மிக்கது. தமிழில் 'பகிரங்கம்' என்பது 'எல்லாரும் அறிய' என்னும் பொருளில் நிலைத்தது. அதன் இணையாகிய அந்தரங்கம் 'எவரும் அறியாத' என்னும் பொருளை ஏற்றது.

சென்ற நூற்றாண்டில் இச்சொல்லின் ஆட்சி அகன்றே இருந்தது. அந்தரங்கச் செயலாளர் என்பது ஒரு பதவிப்பெயர். அந்தரங்க சுத்தி என்பது உள்ளத் தூய்மை. இவற்றில் ஒளிவுக்கோ நாணத்துக்கோ இடமில்லை. ஆயின் வார இதழ்களின் மருத்துவ வினாவிடைப் பகுதிகளும், திரைப்படச் செய்திகளும், விளம்பரங்களும் இச்சொல்லைப் பாலியல் சார்ந்த பொருளுக்கே பெரிதும் உரியதாக்கின. மொழியியலார் பொருட்சுருக்கம் எனக் கூறுவது இதுவே. இன்று 'அந்தரங்கத் தகவல் வெளியானது' எனும் தொடரைக் கேட்பவர், தொலைபேசி எண்ணையோ குடும்ப அட்டை எண்ணையோ வாங்கிய மருந்துகளின் பட்டியலையோ நினைப்பதில்லை. படுக்கையறையை நினைக்கிறார்.

இதன் விளைவு எளிதன்று. என் அந்தரங்கம் எதனையும் எவரும் கேட்கவில்லை, பெயரும் எண்ணும் முகவரியும்தானே கேட்டனர் என்று ஒருவர் கூறும்போது அவர் பொய் கூறவில்லை. சொல்லின் இன்றைய பொருளுக்கு ஏற்பவே பேசுகிறார். காப்பிட வேண்டிய பொருளுள் பெரும்பகுதியைச் சொல்லே வெளியில் நிறுத்திவிடுகிறது.

'தனியுரிமை' என்னும் சொல்

இணைய நிறுவனங்களின் தமிழாக்கங்கள் வழி இன்று பரவியுள்ள சொல் தனியுரிமை. நாணப்பொருள் இதற்கு இல்லை. 'உரிமை' என்னும் வருமொழிச் சிறப்பு இதற்கு உண்டு. ஆயினும் இதன் முன்னைய வாழ்வு வேறு. ஒருவருக்கு மட்டுமே உரிய சலுகை, பிறர் தலையிடவியலாத வணிக உரிமை என்பனவற்றைக் குறித்தே இச்சொல் முன்பு வழங்கிற்று. கணினித் துறையிலேயே, மூலநிரலைப் பிறர் காணவொட்டாமல் மூடிவைக்கும் மென்பொருளைத் 'தனியுரிம மென்பொருள்' என்கிறோம். நிறுவனம் தன் நிரலை மூடிவைப்பதற்கும் குடிமகன் தன் விவரத்தைக் காப்பதற்கும் ஒரே அடிச்சொல் அமைந்தது ஒரு விந்தை. பின்னதைக் காட்டிலும் முன்னதற்கே அது பொருத்தமாக ஒலிக்கிறது என்பது என் கருத்து.

இதனினும் ஆழ்ந்த இடர் 'தனி' என்னும் அடியில் உள்ளது. தமிழில் தனிமை பெரும்பாலும் இரக்கத்துக்குரிய நிலை. தனிமரம் தோப்பாகாது என்பது வழக்கு. 1890ஆம் ஆண்டில் அமெரிக்க வழக்கறிஞர்களாகிய வாரன், பிராண்டைஸ் ஆகியோர் செய்தித்தாள்களின் ஊடுருவலையும் நொடிப்பொழுதில் எடுக்கும் நிழற்படங்களையும் கண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஒருவரைத் தொல்லைப்படுத்தாது விட்டுவிடும் உரிமை பற்றிப் பேசிற்று. அத்தொடர் நம் நீதிமன்றங்களிலும் இடம்பெற்றது. சிறைப்பட்டிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றி எழுந்த வழக்கில், 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இதனையே கூறியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற அவ்வழக்குத்தான் இத்துறையில் இந்தியாவின் முதன்மை முன்மாதிரிகளுள் ஒன்று. அத்தொடரைச் சொல்லுக்குச் சொல் 'தனித்து விடப்படும் உரிமை' என்று தமிழாக்கினால், கைவிடப்படும் உரிமை என்றே காதில் விழும். முதியோரைத் தனித்து விட்டனர் என்று நாம் கூறுவது பாராட்டாக அன்று.

மடியில் கனம்

தகவல் கசிவு பற்றிய செய்தி வரும்போதெல்லாம் தேநீர்க் கடையிலும் அலுவலக உணவு இடைவேளையிலும் ஒரு வாதம் தவறாது எழும். மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை என்பது அது. இவ்வாதம் உலகெங்கும் உள்ளது. தமிழில் அதற்கு ஆயத்தமாக ஒரு பழமொழியே கிடைத்துவிட்டமையால் அதன் வலிமை கூடுகிறது. எதிர்வாதம் செய்வோரும், மறைக்க எல்லாரிடமும் ஏதேனும் உண்டு என்றே விடை கூறுகின்றனர். இரு சாராரும் வழக்கை மறைத்தல் என்னும் களத்திலேயே நடத்துகின்றனர். அந்தரங்கம் என்னும் சொல் அமைத்துக்கொடுத்த களம் அது.

பழமொழியின் உவமையை நோக்குக. மடியிலுள்ள கனம் ஓரிடத்தில் உள்ள பொருள். கள்வன் அதனை எடுத்தால் உடையவனிடம் அது இராது. தகவல் அத்தகையதன்று. அது கனம் அன்று, காலடிச் சுவடு. எடுத்தபின்னும் நம்மிடமே இருப்பதால் இழப்பே நேரவில்லை என்று தோன்றும். சுவடுகள் தனித்தனியே பயனற்றவை. தொடர்ந்து கோத்தால் ஆளைக் காட்டுபவை.

பெங்களூருவிலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. 2020 மார்ச்சுத் திங்களில், வெளிநாட்டினின்று திரும்பி வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டோரின் பட்டியல்களைக் கர்நாடக அரசு மாவட்ட வாரியாக வெளியிட்டது. பெயர்கள் அவற்றில் இல்லை. வீட்டு முகவரிகள் இருந்தன. பட்டியல்கள் வாட்ஸப் வழியே பரவின. பெயர் இல்லாமையால் எவர் மறைவும் குலையவில்லை எனலாமா? ஒரு தெருவில் ஒரு வீட்டு எண்ணும் பயணம் செய்த செய்தியும் தெரிந்தபின், அவ்வீட்டாரின் பெயர் அத்தெருவார்க்கு எழுதிக் காட்டவேண்டிய ஒன்றன்று. இங்கே மறைக்கப்பட்ட குற்றமும் இல்லை, நாணத்தக்க அந்தரங்கமும் இல்லை. பயணம் சென்று திரும்பினர், அவ்வளவே. ஆயினும் தீங்கு நேர வழி பிறந்தது. இத்தீங்கிற்கு அந்தரங்கம் என்னும் சொல்லில் இடமில்லை.

வேம்பு கட்டிய வேல்

இதற்குரிய எண்ணம் தமிழில் இல்லாதது அன்று, மிகப் பழமையானது. ஐந்திணை அகப்பாடல்களில் தலைமக்களுள் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் விதிக்கிறார். பெயர் கூறுதல் புறத்திணைக்கு உரியது. இவ்விதியின் தன்மை ஊன்றி நோக்கத்தக்கது. காதல் நிகழ்ச்சி எதனையும் அது மறைக்கச் சொல்லவில்லை. களவு, கூட்டம், பிரிவு, ஊடல், பரத்தையிற் பிரிவு வரை அனைத்தும் பாடப்படுகின்றன. இன்றைய பொருளில் அந்தரங்கம் எனத்தக்க யாவும் பாட்டில் உள்ளன. இல்லாதது ஒன்றே: அவற்றை உலகிலுள்ள இன்ன ஆளோடு கட்டும் கயிறு.

பெயர் நீக்கினாற் போதுமா என்னும் வினாவும் அன்றே எழுந்துள்ளது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, பிரிவால் வருந்தும் தலைவியையும் பாசறையில் புண்பட்ட வீரரைக் கண்டு நள்ளிரவில் உலவும் தலைவனையும் காட்டுகிறது. தலைவன் பெயர் பாட்டில் எங்கும் இல்லை. பொருளும் பிரிவுத்துயரே. ஆயினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதனைப் புறம் என்றார். பாசறையில் தலைவன் முன் செல்லும் வேலில் வேம்பு கட்டியிருந்தது என்று புலவர் கூறிவிட்டார். வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப்பூ. வேம்பு தெரிந்தால் குடி தெரியும். குடி தெரிந்தால் போர்க்களத்தில் நிற்கும் வேந்தன் எவன் என்பது தெரியும். ஆகவே பாட்டுச் 'சுட்டி' விட்டது. இம்முடிபை ஏலாதாரும் உளர். அவர்கள் மறுப்பதும் வேம்பு சுட்டுமா என்பதையேயன்றி, சுட்டினால் அகமாகுமா என்பதையன்று.

மறுதலையான சான்றும் உண்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மீது கொண்ட காதலை நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்கள், காதற்பொருளவாயினும், புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய எண்களில் வைக்கப்பட்டுள்ளன. ஆள் தெரிந்துவிட்டமையே காரணம்.

அம்பல், அலர் என்னும் இரு சொற்களும் இவ்வகையில் நினைக்கத்தக்கன. இரண்டையும் 'ஊர்ப்பேச்சு' என்று ஒன்றாக்கிவிடுகிறோம். இறையனார் அகப்பொருள் உரை இவற்றை வேறுபடுத்துகிறது. வெளிப்படச் சொல்லாது அரும்பளவில் நிற்பது அம்பல். இன்னானுக்கும் இன்னாளுக்கும் இடையே என ஆள் விளங்கச் சொல்வது அலர். தகவல் பரவுதலின் இரு படிகளை, அதாவது ஆளொடு சேராத நிலையையும் சேர்ந்த நிலையையும், இருவேறு சொற்களாற் பிரித்த மொழி இது. இன்று இரண்டிற்கும் 'கசிவு' என்னும் ஒரு சொல்லே உண்டு. அதுவும் ஆங்கிலத்தின் வழி வந்த உவமை.

தமிழர் யாண்டும் பெயரை ஒளித்தனர் என்று இதனாற் கொள்ளல் தவறு. கொடை அளித்தோரின் பெயரையும் நிலத்தின் நான்கெல்லையையும் கல்லில் வெட்டி வைத்தவரும் இவர்களே. பெங்களூருவின் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் அத்தகைய தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். புறத்தில் பெயர் புகழாகும். அகத்தில் அதே பெயர் அலராகும். தகவல் ஒன்றே, அது நிற்கும் இடம் வேறு.

எண்கள் சுட்டும்போது

நச்சினார்க்கினியர் வேம்பிலையில் கண்டதைக் கணினி அறிவியலார் எண்களில் கண்டனர். அமெரிக்காவின் லதான்யா சுவீனி என்னும் அறிஞர், 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, அஞ்சல் குறியீட்டெண், பிறந்த நாள், பால் ஆகிய மூன்று மட்டும் தெரிந்தால் அந்நாட்டு மக்களுள் 87 விழுக்காட்டினரை ஒற்றை ஆளாகப் பிரித்தறியலாம் என்று மதிப்பிட்டார். மூன்றுள் ஒன்றும் மறைபொருள் அன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அரவிந்த் நாராயணனும் விட்டலி ஷ்மாட்டிகோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. நெட்பிளிக்சு நிறுவனம் ஏறத்தாழ 5 இலட்சம் வாடிக்கையாளர்களின் திரைப்பட மதிப்பீடுகளைப் பெயர் நீக்கி 2006இல் வெளியிட்டிருந்தது. ஒருவர் பார்த்த சில படங்களும் பார்த்த நாள்களும் ஏறத்தாழத் தெரிந்தாற் போதும், அத்திரளில் அவரைக் கண்டெடுக்க இயலும் என்று அவர்கள் நிறுவினர்.

ஆதாரைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல். இந்தியில் ஆதார் என்பது அடித்தளம், பற்றுக்கோடு. தமிழில் ஆதாரம் என்பதற்கு அப்பொருள் இருப்பினும் அன்றாட வழக்கில் சான்று என்பதே பொருள். ஆகவே தமிழர் காதில் அது தொடக்கத்திலேயே 'நான் இன்னார் என்பதற்கான சான்று' என ஒலித்தது. சான்றை எவர் கேட்டாலும் காட்டுவதுதானே முறை என்னும் மனநிலை அதனுடன் வந்தது. பெங்களூருவிலிருந்து இயங்கும் இணையம் மற்றும் சமூக மையம் 2017 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, நான்கு அரசு வலைத்தளங்கள் வாயிலாக 13 முதல் 13.5 கோடி வரையிலான ஆதார் எண்கள் வெளிப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. எவரும் பூட்டை உடைக்கவில்லை. நலத்திட்டப் பயனாளிகளின் பட்டியல்கள் பொதுமக்கள் பார்வைக்கென வைக்கப்பட்டிருந்தன. கல்வெட்டின் மனநிலையே அங்கும் தொழிற்பட்டது எனலாம்.

சட்டத்தின் தமிழ்

2023 ஆகஸ்டு 11ஆம் நாள் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காண இயலுகின்ற எத்தரவையும் தனிநபர் தரவு என வரையறுக்கிறது. மறைவு பற்றி அவ்வரையறையில் ஒரு சொல்லும் இல்லை, சுட்டுதலே அளவுகோல். தொல்காப்பிய விதியோடு ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். ஆனால் இதனைத் 'தனிப்பட்ட தரவு' என்று தமிழாக்கும்போது பழைய இடர் மீண்டும் புகுந்துவிடுகிறது. தனிப்பட்ட என்பதற்கு 'பிறர் தலையிடாத சொந்த விவகாரம்' என்பதே வழக்குப் பொருள். பத்துப் பேருக்குத் தந்த தொலைபேசி எண் தனிப்பட்டது என்று எவரும் கருதார்.

'ஆள்காட்டும் விவரம்' என்பது இவ்விடத்தில் பொருந்தும் என்று தோன்றுகிறது. சுட்டுவிரலுக்கு ஆள்காட்டி விரல் என்றே பெயர். அவ்விரலின் ரேகையையே கருவியில் பதிக்கிறோம். ஆள் நடமாட்டத்தைக் கண்டவுடன் கத்தி வெளிப்படுத்திவிடும் பறவை ஆள்காட்டிக் குருவி. இச்சொல்லை விளக்கப் பயிற்சி வகுப்பு வேண்டியதில்லை. உரிமையின் பெயராகத் தனியுரிமை நிலைபெற்றுவிட்டது. அதனை இனி மாற்ற முயல்வது வீண். காக்கப்படும் பொருளின் பெயரையேனும் திருத்திக்கொள்ளலாம்.

இச்சட்டம் மொழியியலார்க்கு மிகுதியும் உரியதாவது வேறொரு காரணத்தால். தரவைப் பெறுமுன் தரவேண்டிய அறிவிப்பையும் இசைவு வேண்டும் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் எதிலேனுமோ காணும் வாய்ப்பை ஒவ்வொருவர்க்கும் அளித்தாக வேண்டும் என்று அது கூறுகிறது. இசைவு என்பது தன்விருப்பாகவும், குறித்த நோக்கிற்கு மட்டுமாகவும், விவரம் அறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்திற்கிடமின்றியும் அளிக்கப்பட வேண்டும். தமிழ் வாசகம் விளங்கவில்லையெனில் விவரம் அறிந்து அளித்த இசைவு என்பதே இல்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு, இசைவு ஆகியவை பற்றியன பதினெட்டுத் திங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமென வகுக்கப்பட்டன. வாசகங்களைச் செம்மை செய்துகொள்ள அமைந்த இடைவெளி என்றே அதனைக் கொள்ளலாம்.

இப்பொழுது பொதுவாகக் காணப்படும் தமிழாக்க நடையை ஒரு மாதிரித் தொடரால் காட்டலாம்: 'உங்கள் தரவு மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்.' இதில் மூன்று இடர்கள் உள்ளன. 'படு' துணைவினையால் பகிர்பவர் யார் என்பது மறைந்தது. 'மூன்றாம் தரப்பு' என்பது பேச்சுவழக்கில் தொடர்பற்ற வேற்றாள் என்றே பொருள்படும். விளம்பர நிறுவனம் என்றோ கடன் தரும் நிறுவனம் என்றோ தோன்றாது. மூன்றாவது இடர் 'லாம்' என்னும் ஈறு. அல்லீற்றுத் தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்து பிறந்த இவ்வீறு, மழை வரலாம் என்பதில் நிகழக்கூடுமையையும், நீ போகலாம் என்பதில் இசைவையும், நாம் போகலாம் என்பதில் அழைப்பையும் உணர்த்தும். பகிரப்படலாம் என்பது எது? நிறுவனத்தின் வழக்கறிஞர் அதனை இசைவாகக் கொள்வார். படிப்பவர் மழை வரலாம் என்பதைப்போல் கொள்வார். மழை வராமலும் போகலாம் அன்றோ? 'உங்கள் தொலைபேசி எண்ணைக் கடன் தரும் நிறுவனங்களுக்கு நாங்கள் தருவோம். வேண்டாவெனில் இங்கே தெரிவியுங்கள்' என எழுதுவதைத் தமிழ் இலக்கணம் எவ்வகையிலும் தடுக்கவில்லை.

'நாங்கள்' என்பதும் கருதத்தக்கது. தமிழ் தன்மைப் பன்மையில் கேட்போரை உளப்படுத்தியும் உளப்படுத்தாதும் கூற இரு சொற்களைக் கொண்டது. ஆங்கிலத்தில் ஒன்றே. இலங்கை எழுத்துவழக்கில் 'நாம்' உளப்படுத்தாப் பொருளிலும் வருவதுண்டு. அது அவ்வழக்கின் மரபு. இந்தியத் தமிழில் 'நாம் இத்தரவைச் சேகரிக்கிறோம்' என நிறுவனம் எழுதினால், படிப்பவரையும் சேகரிப்போர் வரிசையில் நிறுத்திவிடுகிறது.

பொத்தானில் உள்ள 'ஒப்புக்கொள்கிறேன்' என்பது இன்னும் சிக்கலானது. குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பதில் அது வாக்குமூலம். வேலையை ஒப்புக்கொண்டான் என்பதில் வாக்குறுதி. ஒப்புக்கொண்டதினின்று பின்வாங்குதல் தமிழ்ப் பண்பாட்டில் இழுக்கு. சட்டமோ அளித்த எளிமைக்கு ஒத்த எளிமையுடன் இசைவைத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. அதற்கு இசைவு, அனுமதி ஆகியவையே ஏற்றன. அனுமதி தருபவர் மேலிடத்தில் இருப்பவர். தந்ததை மீட்கவும் அவர்க்கு இயலும்.

ஓரிடத்தில் தமிழுக்குச் சட்டத்தைவிட எளிய வழி உண்டு. இச்சட்டம் தனியாள் எவரையும், பால் வேறுபாடின்றி, ஆங்கிலப் பெண்பாற் சுட்டுப்பெயரால் குறிக்கிறது. தமிழில் 'அவர்' முன்பே அப்பணியைச் செய்துகொண்டிருக்கிறது. மாறாக, தரவுக்கு உரியவரைக் குறிக்க 2018ஆம் ஆண்டின் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு அறிக்கை வழி வந்த 'பிரின்சிபல்' என்னும் சொல்லைத் 'தரவு முதல்வர்' என்று பெயர்த்தால் கல்லூரியே நினைவுக்கு வரும். 'தரவுக்குரியவர்' போதும்.

மொழியும் எழுத்தும்

பெங்களூருவில் இவ்வினா வேறொரு வடிவம் கொள்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கர்நாடக மக்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 3.45 விழுக்காட்டினர். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்களில், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ பயின்ற இளையோர் பலர். தமிழ் அவர்களுக்குச் செவிமொழி, கண்மொழி அன்று. அடுக்குமாடி வாயிலில் முகத்தைப் பதியவைக்கும் செயலியும், ஊதியம் வரவுவைக்கும் செயலியும் அவர்களிடம்தான் மிகுதியும் இசைவு கேட்கின்றன. தமிழ் எழுத்தில் உள்ள செந்தமிழ் அறிவிப்பு அவர்களுக்குப் படிக்க இயலாதது. கன்னட எழுத்தில் உள்ள கன்னட அறிவிப்பு படிக்க இயன்றும், அதன் சட்டநடை விளங்காதது. நம் இரட்டை வழக்கு பற்றி வகுப்பறையில் கற்பிப்பது இங்கே கைப்பேசித் திரையில் வந்து நிற்கிறது.

சட்டம் 'மொழி' என்று கூறுகிறது. எட்டாம் அட்டவணையும் மொழிகளையே பட்டியலிடுகிறது, எழுத்துகளை அன்று. ஆதலின் பேச்சுத்தமிழில் ஒலிப்பதிவாகத் தரும் அறிவிப்பும், கன்னட எழுத்தில் எழுதிய தமிழும் தமிழ்தாம் என்று மொழியியல் நோக்கில் வாதிட இடமுண்டு. 22 மொழிகளுக்கு வெளியே உள்ளோர்க்கு அவ்வாதமும் கிட்டாது. இதே நகரில் துளுவும் கொடவமும் பேசுவோர் உளர். அவர்கள் மொழிகள் அட்டவணையில் இல்லை.

ஒலிவடிவ அறிவிப்பை ஆக்குவோர் ஒன்றை எதிர்கொள்வர். 'பகிரப்படலாம்' என்று முடியும் தொடரை எழுதிவிட முடியும். எதிரில் அமர்ந்திருக்கும் வீட்டுப் பணியாளரிடம் அதனைப் பேச்சுத்தமிழில் சொல்ல முற்பட்டால் நா எழாது. 'குடுத்துடுவாங்க' என்றுதான் வரும். உடனே அவர் கேட்பார்: யாரு, யாருக்கு?